வாடகை ஒப்பந்தம் முடிவதற்கு முன்னர்

சொந்த வீட்டில் வாழ்பவருக்கு நாட்காட்டியில் ஒரு நாள் மற்றொரு நாளைப் போன்றதே. வாடகை வீட்டில் வாழ்பவருக்கோ ஒரு நாள் மட்டும் தனித்து நிற்கின்றது. அதுவே வாடகை ஒப்பந்தம் முடிவுறும் நாள். அந்நாளை மறந்திருந்து பின்னர் இடர்ப்படுவோர் உளர். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முறையையும், வாடகைதாரருக்குள்ள உரிமைகளையும் கடமைகளையும் இங்குச் சுருக்கமாக விளக்க விரும்புகிறோம்.

பழைய பாதுகாப்பும் அதன் முடிவும்

ஜாலான் புசார் வட்டாரத்தின் பழைய கடைவீடுகளைப் பார்க்கும் இளைஞர்கள், அவற்றின் அழகை மட்டுமே காண்கின்றனர். அவ்வீடுகளின் சுவர்களுக்குள் வாடகைச் சட்டத்தின் வரலாறும் அடங்கியுள்ளது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் சிங்கப்பூரில் வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடியது. அந்நிலையில் 1947ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 7ஆம் நாளோ அதற்கு முன்னரோ கட்டி முடிக்கப்பட்ட கட்டடங்கள் அச்சட்டத்திற்கு உட்பட்டன. போருக்கு முன்னிருந்த வாடகையே அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. உரிமையாளர் தம் விருப்பம்போல் வாடகையை உயர்த்தவோ, குடியிருப்பவரை வெளியேற்றவோ இயலாதிருந்தது.

இதனால் ஏழை எளியோர் பயன் பெற்றனர் என்பது உண்மை. எனினும், கிடைக்கும் சொற்ப வாடகையைக் கொண்டு வீட்டைப் பழுதுபார்க்க உரிமையாளர் முன்வரவில்லை. கூரைகள் ஒழுகின, படிக்கட்டுகள் உளுத்தன. ஒரே வீடு பல சிற்றறைகளாகத் தடுக்கப்பட்டு உள்வாடகைக்கு விடப்பட்டது. 1960ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் மக்களுக்குப் புதிய வீடுகளைக் கட்டித் தரத் தொடங்கிய பின்னர், பழைய சட்டத்தின் தேவை படிப்படியாகக் குறைந்தது. இறுதியில் 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் வாடகைக் கட்டுப்பாடு முற்றாக நீக்கப்பட்டது.

இதன் பொருள் யாது? இன்று தனியார் வாடகைக்குச் சட்டம் உச்சவரம்பு எதனையும் விதிக்கவில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்தபின், அதே வீட்டில் தொடர்ந்து குடியிருக்க இடந்தருமாறு வற்புறுத்தும் உரிமையும் வாடகைதாரருக்குத் தானாக வருவதில்லை. முன்பு சட்டம் அளித்த பாதுகாப்பை இன்று பெரும்பாலும் ஒப்பந்தத் தாளிலேயே தேடிக்கொள்ள வேண்டியுள்ளது. ஆதலால், அத்தாளில் எழுதப்பட்டுள்ள ஒவ்வொரு சொல்லையும் படித்தறிதல் இன்றியமையாதது.

புதுப்பிக்கும் உரிமை

முதலில் நோக்க வேண்டியது, புதுப்பித்தல் குறித்த விதி ஒப்பந்தத்தில் இடம்பெற்றுள்ளதா என்பதே. அவ்விதி இருப்பின், இத்தனை மாதங்களுக்கு முன்னர் எழுத்து வழி அறிவிக்க வேண்டும் என்னும் நிபந்தனையும் பெரும்பாலும் உடனிருக்கும். அக்கெடு தவறினால் உரிமையும் தவறிவிடும். வாய்ச்சொல்லாகக் கூறியது போதுமென நம்பியிருத்தல் கூடாது. விதி இல்லையாயின், முடிவு நாளுக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்னரே உரிமையாளருடன் பேசத் தொடங்குதல் நன்று.

ஒப்பந்தக் காலத்தின் நடுவே, ஒப்பந்தம் இடந்தந்தாலன்றி, உரிமையாளர் வாடகையை உயர்த்த இயலாது. காலம் முடிந்தபின் புதிய வாடகை கேட்க அவருக்கு உரிமையுண்டு. அதனை ஏற்பதா, பேசிக் குறைப்பதா, வேறிடம் தேடுவதா என்பதை முடிவு செய்யக் கால அவகாசம் வேண்டும். முன்கூட்டியே பேசுவதன் பயன் இதுவே.

ஒப்பந்தம் முடிந்து, இடத்தை ஒப்படைக்குமாறு உரிமையாளர் கேட்டபின்னும் வீட்டைக் காலி செய்யாதிருப்பவர் பெரும் இடரை எதிர்நோக்குகிறார். அவ்வாறு தங்கும் காலத்திற்கு இருமடங்கு வாடகை கோர, குடிமையியல் சட்டம் உரிமையாளருக்கு இடமளிக்கிறது. மாதம் 2,000 வெள்ளி செலுத்தி வந்தவர் 4,000 வெள்ளி என்னும் விகிதத்தில் செலுத்த நேரிடலாம். குடும்ப வரவுசெலவில் இது தாங்கொணாச் சுமை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

காலவரம்பும் அனுமதியும்

கழக வீடுகளைக் குறைந்தது 6 மாதங்களுக்கும், தனியார் வீடுகளைக் குறைந்தது 3 மாதங்களுக்கும் வாடகைக்கு விட வேண்டும். கழக வீட்டு உரிமையாளர் வாடகைக்கு விடுமுன் கழகத்தின் அனுமதியைப் பெற வேண்டும். அவ்வனுமதிக்கும் காலவரம்புண்டு. வாடகைதாரர் சிங்கப்பூரராகவோ மலேசியராகவோ இருப்பின் ஒரு முறைக்கு 3 ஆண்டுகள் வரையிலும், பிற நாட்டினராயின் 2 ஆண்டுகள் வரையிலும் அனுமதி கிடைக்கும். ஆகவே, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது அனுமதியும் தொடர்கிறதா என்பதை வாடகைதாரர் கேட்டறிதல் வேண்டும்.

வெளிநாட்டினரைக் குடிவைக்கும் உரிமையாளர் அவர்தம் மூல அனுமதி அட்டையைப் பார்வையிட்டு, கடப்பிதழுடன் ஒப்பிட்டு, அது செல்லத்தக்கதா என்பதை மனிதவள அமைச்சிடமோ குடிநுழைவு ஆணையத்திடமோ சரிபார்த்தல் கட்டாயம். ஆவணங்களைக் காட்டுமாறு கேட்பது அவமதிப்பன்று. அது உரிமையாளரின் சட்டக் கடமை.

முத்திரைத் தீர்வை

புதுப்பித்த ஒப்பந்தத்திற்கும் முத்திரைத் தீர்வை உண்டு. 4 ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ உள்ள ஒப்பந்தமாயின், மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு செலுத்த வேண்டும். எடுத்துக்காட்டாக, மாதம் 2,000 வெள்ளி வீதம் 2 ஆண்டுகளுக்கு மொத்த வாடகை 48,000 வெள்ளி. அதற்குரிய தீர்வை 192 வெள்ளி. சிங்கப்பூரில் கையெழுத்தான நாளிலிருந்து 14 நாள்களுக்குள் இதனைச் செலுத்த வேண்டும். வேறு உடன்பாடு இல்லையாயின் இது வாடகைதாரரின் பொறுப்பாகும். தீர்வை செலுத்தப்படாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. சிறு தொகையை மிச்சப்படுத்த எண்ணி, வழக்கு நேரும்போது கையில் சான்றின்றி நிற்பது அறிவுடைமையாகாது.

முன்வைப்புத் தொகை

ஓராண்டு ஒப்பந்தத்திற்கு ஒரு மாத வாடகையும், இரண்டாண்டு ஒப்பந்தத்திற்கு இரு மாத வாடகையும் முன்வைப்புத் தொகையாகப் பெறுவது இங்குள்ள வழக்கம். பெரும்பாலான பூசல்கள் இத்தொகையைத் திரும்பப் பெறுவதிலேயே எழுகின்றன. குடிபுகும் நாளன்றே சுவர், தரை, குளிர்சாதனம், தளவாடம் ஆகியவற்றைப் படமெடுத்து, பட்டியலிட்டு, இருவரும் கையொப்பமிட்டு வைத்தல் நன்று. நாட்பட்ட புழக்கத்தால் நேரும் இயல்பான தேய்மானம் வேறு. வாடகைதாரரின் கவனக்குறைவால் நேரும் சேதம் வேறு. இவ்வேறுபாட்டை நிலைநாட்ட அப்படங்கள் துணைபுரியும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கையில், பழைய முன்வைப்புத் தொகை புதிய காலத்திற்கும் தொடர்கிறது என்பதை எழுத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

கழக வீட்டு வாடகையையோ முன்வைப்புத் தொகையையோ சொத்து முகவர் தம் கையில் வாங்குதல் விதிக்கு முரணானது. ஒரே முகவர் இரு தரப்பினருக்காகவும் செயற்படுதலும் தடைசெய்யப்பட்டுள்ளது. முகவர் பதிவு பெற்றவரா என்பதைச் சொத்து முகவர் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் எவரும் சரிபார்க்கலாம்.

பூசல் எழுந்தால்

வாடகை நிலுவைக்காகக் குடியிருப்பவரின் பொருள்களை உரிமையாளர் தாமே கைப்பற்றுதல் கூடாது. அதற்கு நீதிமன்றத்தின் ஆணை வேண்டும். அவ்வாறே, நிலுவைக்காகவோ பழுதுக்காகவோ வாடகைதாரர் தம் விருப்பப்படி வாடகையை நிறுத்திவைத்தலும் முறையன்று. அது அவரது நிலையையே வலுவிழக்கச் செய்யும்.

பேச்சுவார்த்தையால் தீராத பூசலைச் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்திற்குக் கொண்டு செல்லலாம். 2 ஆண்டுகளுக்கு மேற்படாத குடியிருப்பு ஒப்பந்தங்களை இம்மன்றம் விசாரிக்கும். கோரும் தொகை 20,000 வெள்ளிக்குள் இருத்தல் வேண்டும். இரு தரப்பினரும் இசைந்தால் 30,000 வெள்ளி வரை கோரலாம். பூசல் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்தல் அவசியம். வழக்கறிஞர் வாதாட இங்கு இடமில்லை. ஆதலால் செலவும் குறைவு. ரசீதுகள், கடிதங்கள், கைப்பேசிச் செய்திகள் யாவற்றையும் வரிசைப்படுத்தி எடுத்துச் செல்ல வேண்டும். வசதி குறைந்த குடிமக்களும் நிரந்தரவாசிகளும், 1958ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் சட்ட உதவிப் பிரிவை நாடலாம்.

பிற்சேர்க்கையாக ஒன்று கூறுவோம். கழகத்திடமிருந்தே நேரடியாக ஓரறை, ஈரறை வீடுகளை வாடகைக்குப் பெற்றோர் நிலை வேறு. அவர்களது வாடகை குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போது வருமானமும் குடும்ப நிலையும் மறுபடியும் ஆராயப்படும். ஆகவே, கழகத்திலிருந்து வரும் கடிதத்தைப் பிரிக்காமல் ஒதுக்கி வைக்கலாகாது. படிக்க இயலாத முதியோருக்கு அண்டை வீட்டார் அதனைப் படித்துக் காட்டுதல் பேருதவியாகும்.

ஒப்பந்தத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். முடிவு நாளையும், அறிவிப்புக் கொடுக்க வேண்டிய நாளையும் குடும்பத்தார் அனைவரும் காணும் இடத்தில் குறித்து வையுங்கள். உரிமையை அறிந்தவரே அதனைக் காத்துக்கொள்ள வல்லவர்.