உங்களுக்குத் தெரியுமா? கொரிய மொழிப் புத்தகம் வாங்கும் முன்

ஆசிரியர் இல்லாமல் கொரிய மொழி படிக்க நம் கைக்குக் கிடைக்கும் பாடநூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலம் பேசுபவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவர் தடுமாறும் இடங்களில் பல நமக்குப் பழகிய பாதை. அவர் எளிதில் தாண்டும் சில இடங்களில் நாம் நின்று நிதானித்துப் போகவேண்டியிருக்கும். எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் இதை மறக்க வேண்டாம்.

●

"நான் நேற்று வாங்கிய புத்தகம்" என்பதைக் கொரிய மொழியில் சொல்ல, சொற்களை இதே வரிசையில் வைத்தால் போதும். வினைமுற்று கடைசியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். இன்னும் வியப்பானது துணைவினை. நாம் "சாப்பிட்டுப் பார்", "எழுதி வை", "வாங்கிக் கொடு" என்கிறோம் அல்லவா? கொரியரும் முயற்சியைச் சொல்லப் "பார்" வினையையும், முன்கூட்டிச் செய்துவைப்பதைச் சொல்ல "வை" வினையையும், பிறருக்காகச் செய்வதைச் சொல்லக் "கொடு" வினையையும் இப்படித்தான் ஒட்டுகிறார்கள். ஆங்கில வழிப் பாடநூல் ஒவ்வொன்றுக்கும் தனி விளக்கம் கொடுத்து நீட்டி முழக்கும். தமிழில் நினைத்துப் படிப்பவர் அந்தப் பக்கங்களை விரைவாகக் கடந்துவிடலாம்.

●

இந்த ஒற்றுமை கண்டு மலைத்தவர்களில் ஒருவர், கொரியாவில் பணியாற்றிய அமெரிக்கர் ஹோமர் ஹல்பர்ட். கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு அவர் எழுதிய இலக்கண நூல் 1905-இல் சியோலில் வெளிவந்தது. இரண்டும் ஒரே குடும்பம் என்பதை இன்றைய மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. ஆனாலும் கற்பவருக்கு அமைப்பின் ஒற்றுமை கைகொடுக்கத்தான் செய்கிறது.

●

கொரிய வினையில் தன்மை, முன்னிலை, படர்க்கை விகுதி கிடையாது. வந்தேன், வந்தாய், வந்தாள் மூன்றுக்கும் ஒரே வடிவம்.

●

மன்னர் சேஜோங் 1443-இல் உருவாக்கி 1446-இல் வெளியிட்ட ஹங்குல் எழுத்தில் இன்று அடிப்படையாக 14 மெய், 10 உயிர். சில நாள்களில் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்துவிடும். ஆகவே பாடத்துக்குப் பாடம் ரோமன் எழுத்தைத் துணைக்குப் போடும் புத்தகத்தை வாங்காதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன். காரணம், அது நம்மைக் குழப்பும். "கடல்" என்பதில் உள்ள ககரமும் "நகம்" என்பதில் உள்ள ககரமும் வேறு வேறாக ஒலிக்கின்றன, எழுத்து ஒன்றுதான். கொரிய மொழியிலும் ஏறத்தாழ அப்படியே. ரோமன் எழுத்தில் போட்டால்தான் அது இரண்டாகப் பிரிந்து தெரியும். போதாக்குறைக்கு 2000-இல் தென்கொரிய அரசு ரோமன் முறையையே மாற்றியது. பழைய நூலில் P எழுத்தில் தொடங்கும் பூசான் நகரம் புதிய நூலில் B எழுத்தில் தொடங்கும்.

●

"காசு", "பாட்டு" என்று முடிக்கும்போது உதடு குவியாமல் ஒலிக்கும் குற்றியலுகரத்துக்கு மிக நெருங்கிய உயிரொலி கொரிய மொழியில் உண்டு. "ஹங்குல்" என்ற சொல்லின் இரண்டாம் அசையில் இருப்பது அதுதான்.

●

நமக்கு உண்மையில் கடினமான இடம் இது: நிலா, மகள், முகமூடி மூன்றுக்கும் உரிய கொரியச் சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றும் "தல்" என்றே வரும். முதல் எழுத்து ஒன்றில் இயல்பாக, ஒன்றில் தொண்டையை இறுக்கி, ஒன்றில் மூச்சை வெளியே தள்ளி ஒலிக்கிறது. அச்சில் எவ்வளவு படித்தாலும் இது பிடிபடாது. ஒலிப்பதிவு இல்லாத புத்தகம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். 2009-இல் ஒலிப்பாடங்களாகத் தொடங்கிய "டாக் டு மி இன் கொரியன்" தொடக்கநிலையினருக்கு நல்ல துணை. கேட்பதோடு நிறுத்தாமல் கூடவே சொல்லிப் பழகவேண்டும்.

●

யோன்செய் பல்கலைக்கழகத்தின் கொரிய மொழி நிறுவனம் 1959-இல் தொடங்கியது. யோன்செய், சோகாங், சியோல் தேசியப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் பாடநூல் வரிசைகள் புகழ்பெற்றவை. நாளுக்கு 4 மணி நேரம், வாரத்துக்கு 5 நாள், 10 வாரம் என்று ஒரு நிலைக்கு 200 மணி நேர வகுப்பு நடத்தும் ஏற்பாட்டில் வளர்ந்தவை அவை. வீட்டில் நாளுக்கு ஒரு மணி நேரம் படிப்பவருக்கு ஒரு நிலை முடிய ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். மூன்று மாதத்தில் முடியவில்லையே என்று மனம் தளர்ந்து புத்தகத்தை மாற்றுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும். மூன்றில் பேச்சுக்கு முதலிடம் தருவது சோகாங். தனியாகப் படிப்பவருக்கு என் பரிந்துரையும் அதுவே.

●

டராக்வொன் பதிப்பகத்தின் "கொரியன் கிராமர் இன் யூஸ்" மூன்று பாகங்கள். ஒன்றுபோல் தோன்றும் இரண்டு இலக்கண வடிவங்களுக்குள் என்ன வேறுபாடு என்று அருகருகே வைத்துக் காட்டுவதில் அருமையான நூல். ஆனால் பாடத்திட்டமாக அதை மட்டும் நம்பக்கூடாது. சந்தேகம் வரும்போது எடுத்துப் பார்ப்பதற்கு உரியது.

●

அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் 1960-களின் இறுதியில் வெளியிட்ட கொரிய அடிப்படைப் பாடம் அரசு வெளியீடு என்பதால் இலவசமாகக் கிடைக்கிறது. வாக்கியப் பயிற்சி ஏராளம். நடை பழையது. கொரிய மொழிக்கு 2,200 வகுப்பு மணி நேரம் வேண்டும் என்று அடிக்கடி சொல்லப்படும் கணக்கும் இதே நிறுவனத்துடையதுதான். அது ஆங்கிலம் பேசுபவருக்கு வகுத்தது. தமிழர் அதைக் கண்டு மிரள வேண்டியதில்லை.

●

3 மணி 3 நிமிடம் என்பது "செ ஷி சம் புன்". மணிக்குக் கொரிய எண், நிமிடத்துக்குச் சீன வழி எண். இரண்டு எண் வரிசைக்கும் போதிய பயிற்சி தராத முதல்நிலைப் புத்தகம் அரைகுறை.

●

கொரிய மொழித் திறனை அளக்கும் டோபிக் தேர்வின் முதல் பிரிவில் கேட்டலும் படித்தலும் மட்டுமே. 200 மதிப்பெண்ணில் 80 எடுத்தால் முதல் நிலை, 140 எடுத்தால் இரண்டாம் நிலை. இரண்டாம் பிரிவில் எழுத்துத் தேர்வு சேர்கிறது. கடைசிக் கேள்விக்கு 600 முதல் 700 எழுத்து வரை கட்டுரை எழுதவேண்டும். தனியாகப் படிப்பவர் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான், ஏனெனில் திருத்தித் தர ஆளில்லை. அந்தக் கட்டத்திலாவது ஒரு வகுப்பில் சேர்வது நல்லது. சென்னையில் இன்கோ மையம் கொரிய வகுப்புகள் நடத்துகிறது.

●

இலங்கையிலிருந்து வேலைக்குக் கொரியா செல்பவர்கள் எழுதுவது இபிஎஸ்-டோபிக் என்ற வேறொரு தேர்வு. தொழிலிடப் பாதுகாப்பு, கருவிகள், சம்பளம், விடுப்பு என்று அதன் பாடமே தனி. அதற்கென்றே உரிய பாடநூல் இருக்கிறது. பல்கலைக்கழகப் புத்தகத்தை வாங்கி அதற்குத் தயாராவது வீண் செலவு.

●

டோபிக் சான்றிதழ் இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் தேதியை முதலில் குறித்துக்கொண்டு, தேர்வுத் தேதியை அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். பழைய வினாத்தாள்கள் தேர்வின் அதிகாரபூர்வத் தளத்திலேயே கிடைக்கின்றன. பயிற்சிப் புத்தகம் வாங்கும் முன் அவற்றில் ஒன்றை நேரம் வைத்து எழுதிப் பாருங்கள்.