பழைய ஓடமும் பலகையின் ஈரமும்

ஆற்றைக் கடக்க மர ஓடத்தை நம்பியுள்ள ஊர்களில், கோடையில் அதனைக் கரையேற்றிப் பழுதுபார்ப்பது வழக்கம். பழைய ஓடம் கசியத் தொடங்கினால், அடிப்புறம் முழுவதும் கண்ணாடி நாரும் பிசினும் ஒட்டி மூடிவிட்டால் கவலை தீர்ந்தது எனப் பலர் கருதுகின்றனர். பள்ளிப் பிள்ளைகள் ஏறிச் செல்லும் ஓடமாதலால், இதில் அவசரம் கூடாது என்பதை எடுத்துரைக்க விரும்புகிறோம்.

மரம் ஈரம் உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறத்தாழ 30 சதவிகிதம் ஆகும் வரை பலகை பருக்கும், காய்ந்தால் சுருங்கும். பருத்த பலகைகள் ஒன்றையொன்று நெருக்குவதாலேயே இணைப்புகள் இறுகுகின்றன. ஆதலின், காய்ந்து விரிந்த இடைவெளியில் கெட்டியான பசையை அடைத்தல் தவறு. ஓடம் மீண்டும் நீரில் இறங்கியதும் பலகை பருத்து, இடமின்றி ஆணிகளைத் தளர்த்திவிடும். பஞ்சு வைத்துக் கலப்பற்று அடித்து, நெகிழ்வான மக்கு இடுவதே ஏற்றது.

ஈரம் 20 சதவிகிதத்திற்கு மேற்பட்டால், மரத்தை இற்றுப்போகச் செய்யும் பூசணம் வளர இடமுண்டு. ஈரப் பலகையில் பிசின் நன்கு பற்றாது. வெயிலில் கொப்புளித்து உரியும். உரியாவிடினும், அகப்பட்ட ஈரம் வெளியேற வழியின்றி உள்ளிருந்தே பலகையைக் கெடுக்கும். வெளிப்பார்வைக்கு ஓடம் புதிதாகத் தோன்றும்; அதன் வலுக்குறைவு பாரம் ஏற்றிய பின்னரே தெரியவரும்.

ஈரத்தை அளப்பது எளிது. மாற்றுவதற்காக அறுத்தெடுத்த பலகையின் துண்டு ஒன்றை உடனே நிறுத்து, அருகிலுள்ள கல்லூரி ஆய்வுக்கூடத்தில் 103 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில், எடை மேலும் குறையாத நிலை வரும் வரை உலர்த்த வேண்டும். 120 கிராம் துண்டு 100 கிராம் ஆனால், ஈரம் 20 சதவிகிதம். 15 சதவிகிதத்திற்குக் குறைந்த பின்னரே பிசின் வேலையைத் தொடங்கலாம்.

செய்ய வேண்டுவன:

1. ஓடத்தைக் கட்டைகளின்மேல் உயர்த்தி, நிழலில் காற்றோட்டமாக உலர்த்துக. கடும் வெயில் பலகையை வெடிக்கச் செய்யும்.

2. உவர்நீரில் ஓடிய ஓடத்தை முதலில் நன்னீரால் கழுவுக; உப்பு ஈரத்தை ஈர்க்கும்.

3. கூரிய ஆணியால் குத்திப் பார்த்து, மெத்தென்று இருக்கும் பலகைகளை மாற்றுக.

4. உட்புறத்தையும் பிசினால் மூடாதீர். ஈரம் வெளியேற அதுவே வழி.

5. மழைநீர் உள்ளே தேங்க விடாதீர்.

வெள்ளக் காலத்திற்குள் பலகை காயாவிடின், அவ்வாண்டு கலப்பற்றோடு நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை. ஒப்பந்தம் செய்யுமுன் ஈரத்தின் அளவைக் கேட்டறிதல் பஞ்சாயத்து அங்கத்தினர்களின் கடமையாகும்.