மூளைக்கு வேலை, கைக்கு ஓய்வு

கணினியில் ஆடும் வியூக விளையாட்டுகளைப் பற்றிப் பேச்செடுத்தால் பலரும், “அதெல்லாம் நமக்கு ஒத்துவராது” என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இத்தனைக்கும் இவர்கள் செஸ் ஆடுகிறவர்கள், சுடோக்குவை முடிக்காமல் எழுந்திருக்காதவர்கள். யோசிப்பதற்கு அஞ்சுகிறவர்களே இல்லை. அவர்களை விரட்டுவது எது என்று பார்த்தால், இந்த விளையாட்டுகள் எப்படி இயங்குகின்றன என்பதும் புரியும்.

1999-இல் வெளிவந்து இன்றும் ஆடப்படும் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’-ஐ எடுத்துக்கொள்வோம். ஒரு டவுன் சென்டர், மூன்று கிராமவாசிகள், குதிரையில் ஒரு சாரணன்: பெரும்பாலும் இவற்றோடுதான் தொடங்குவோம். 50 உணவு செலவழித்தால் 25 நொடியில் இன்னொரு கிராமவாசி வருவார். ஐந்து பேருக்கு ஒரு வீடு கட்ட வேண்டும். மரம், உணவு, தங்கம், கல் என்று சேர்த்து, யுகம் யுகமாக முன்னேறி, படை திரட்டி எதிரியை வீழ்த்த வேண்டும். செஸ்ஸில் நம் முறை வரும்வரை காய்கள் அசையாமல் இருக்கும். இங்கே முறை என்பதே கிடையாது. நாம் யோசித்துக்கொண்டிருக்கும் நொடியிலும் எதிரி வீடு கட்டிக்கொண்டிருப்பார், நம் ஆட்களில் யாரோ ஒருவர் வேலையின்றி நிற்பார்.

அந்த ‘வேலையின்றி நிற்பவர்’தான் சிக்கலின் மையம். அது புரிய ஒரு வயலைப் பார்த்தால் போதும். 60 மரம் கொடுத்து வயல் போட்டால், அடிப்படைக் கணக்கில் அதிலிருந்து 175 உணவு கிடைக்கும். அதன்பின் வயல் தீர்ந்துவிடும், உழவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். முதல் பதிப்பில் ஒவ்வொரு வயலையும் நாமே தேடிப்போய் மறுபடி போட வேண்டும். இருபது வயல் வைத்திருப்பவர் எல்லையில் போர் நடக்கும்போதும் வயலுக்கு ஓட வேண்டும். 2000-இல் வந்த ‘தி கான்கரர்ஸ்’ இணைப்பு, மறு விதைப்புக்கான மரத்தை ஆலை என்ற கட்டடத்தில் முன்கூட்டியே செலுத்திவைக்க வழிசெய்தது. 2019-இல் வந்த ‘டெஃபினிட்டிவ் எடிஷன்’ இன்னும் ஒரு படி போனது. ஆலையில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டால், மரம் கையிருப்பில் இருக்கும்வரை வயல்கள் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும். மரத்தை வேறு எதற்காவது மிச்சம்பிடிக்க வேண்டுமென்றால் அந்தப் பொத்தானை அணைத்துவிடலாம். முடிவு நம்மிடமே இருக்கிறது, ஓட்டம் மட்டும் குறைகிறது.

‘ஸ்டார்கிராஃப்ட்’ தொடரிலும் இதே பயணம் நடந்தது. 1998-இன் முதல் விளையாட்டில் ஒரே நேரத்தில் 12 வீரர்களுக்கு மேல் தேர்ந்தெடுக்க முடியாது. புதிதாக வரும் தொழிலாளி, கனிமம் தோண்டச் சொல்லும்வரை சும்மா நிற்பான். 2010-இல் வந்த இரண்டாம் பாகம் இந்த இரண்டையும் நீக்கியது. பழைய ஆட்டக்காரர்களில் பலருக்கு இது பிடிக்கவில்லை. தென்கொரியாவின் தொழில்முறை ஆட்டக்காரர்கள் நிமிடத்துக்கு 300 முறைக்கு மேல் விசையையும் மவுஸையும் தட்டுவார்கள். கண்ணையும் கையையும் எங்கே செலவிடுவது என்று தீர்மானிப்பதும் ஒரு வியூகம்தான், அதைப் பிடுங்கிவிட்டால் ஆட்டம் சப்பென்று ஆகிவிடும் என்பது பழைய ஆட்டக்காரர்களின் வாதம். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால், எப்போதும் ஒரே ஒரு சரியான விடை மட்டுமே உள்ள வேலையை மனிதர் கையில் விடுவதில் எந்த வியூகமும் இல்லை. புதிய தொழிலாளி கனிமம் தோண்டத்தான் போக வேண்டும் என்றால், அதை இயந்திரமே பார்த்துக்கொள்ளட்டும். இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் மட்டும் மனிதர் வரட்டும்.

இதற்கு ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’-இன் சாரணன் நல்ல சான்று. இப்போது அவனைத் தானாகவே சுற்றிவரச் சொல்லலாம். புதியவருக்கு அது பெரிய உதவி. கைதேர்ந்தவர்களோ இன்றும் தாமே அவனை ஓட்டுகிறார்கள். எதை முதலில் தேட வேண்டும், எதிரியின் ஊரை எப்போது எட்டிப்பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும், இயந்திரத்துக்குத் தெரியாது. அந்த ஒரு பொத்தான் கல்லாதவருக்குத் துணையாகிறது, கற்றவருக்குத் தடையாகவும் இல்லை.

கை ஓய்ந்தால் மட்டும் போதாது. தோற்பதும் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஒருவரோடொருவர் மோதும் ஆட்டத்தில் தோல்வியை யார் தலையிலும் கட்ட முடியாது. அரைமணி நேரம் பாடுபட்டுக் கட்டிய ஊர் கண்முன்னே எரிவது எளிதல்ல. இதற்காகத்தான் சம பலமுள்ளவர்களை இணைக்கும் தரவரிசை வந்தது. ஹங்கேரியில் பிறந்த அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் ஆர்பாட் ஈலோ செஸ்ஸுக்காக வகுத்த முறை இது. உலகச் செஸ் கூட்டமைப்பு 1970-இல் ஏற்றுக்கொண்டது. இருவருக்கும் 400 புள்ளி வித்தியாசம் என்றால், ஏறத்தாழ பத்துக்கு ஒன்பது முறை வலியவர் வெல்வார் என்பது அதன் கணிப்பு. புள்ளிகள் நெருக்கமாக இருந்தால் பாதிக்குப் பாதி. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’-இல் எல்லோரும் 1000 புள்ளியில் தொடங்குகிறார்கள். புதியவரின் உண்மையான மட்டம் அதற்குக் கீழே இருந்தால், அங்கே இறங்கிச் சேரும்வரை அடிமேல் அடிதான். விட்டுப்போகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் விட்டுப்போகிறார்கள். முதல் சில ஆட்டங்களைக் கணினியோடு ஆடவைத்து, அதைக்கொண்டு தொடக்கப் புள்ளியைக் குறைத்துக் கொடுப்பதே சரி என்பது என் கருத்து.

மோதாமல் சேர்ந்து ஆடுவதும் ஒரு வழி. 2015-இல் ‘ஸ்டார்கிராஃப்ட் 2’-இல் வந்த கூட்டு ஆட்டத்தில் இரண்டு பேர் ஆளுக்கொரு தளபதியாகக் கணினியை எதிர்க்கிறார்கள். தரவரிசைப் பக்கம் எட்டிப்பார்க்காதவர்கள்கூட இதில் ஊன்றிவிட்டார்கள். ஃபின்லாந்தின் சூப்பர்செல் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட ‘கிளாஷ் ராயல்’ நேரத்தையே சுருக்கியது: எட்டு அட்டைகள், அடிப்படையில் மூன்றே நிமிடம். ஆனால் அட்டைகளின் பலத்தைப் பணம் கொடுத்து விரைவாக ஏற்றிக்கொள்ள வழிவைத்ததால், தோற்றவர் தன் யோசனையைத் திருத்துவதா பர்ஸைத் திறப்பதா என்று தடுமாறுகிறார். இதை நான் ஏற்கவில்லை. ஆட்டத்தை எளிதாக்குவது வேறு, நியாயத்தை விற்பது வேறு.

கற்றுக்கொடுக்கும் விதம்தான் கடைசி வாசல். ‘டெஃபினிட்டிவ் எடிஷ’னில் ‘ஆர்ட் ஆஃப் வார்’ என்ற பயிற்சிப் பகுதி இருக்கிறது. பொருளாதாரத்தை விரைவாக வளர்ப்பது போன்ற திறன்களைத் தனித்தனியாகப் பழக்கி, வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று பதக்கம் தருகிறது. பழகியதை ஆடிப்பார்க்க நமக்கு நெருக்கமான கதையும் உண்டு. 2022-இல் வந்த ‘டைனாஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ இணைப்பில் திராவிடர் என்றொரு நாகரிகமும், ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளை நாமே நடத்திப்பார்க்கும் கதைத்தொடரும் சேர்ந்தன. உருமி என்ற சுருள்வாள் வீசும் வீரர்களும் திரிசடை என்ற போர்க்கப்பல்களும் அதில் உண்டு. அந்த வீரர்கள் தமிழிலேயே பதில் சொல்கிறார்கள்.

ஆனால் விளையாட்டைக் கற்றுத்தரும் எழுத்துகள் இந்தியில் இருக்கின்றன, தமிழில் இல்லை. வயலையும் சாரணனையும் எளிதாக்கியவர்கள் இதையும் செய்ய வேண்டும். அதுவரை, ஏற்கெனவே ஆடத் தெரிந்த நம் இளைஞர்கள் இந்தப் பயிற்சிகளைத் தமிழில் எழுதியும் பேசியும் இணையத்தில் போடலாம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் தரவரிசைக்கு அவசரப்படாமல், ராஜேந்திரனின் முதல் போரிலிருந்து தொடங்கலாம்.