வலைப்பக்கத்துட் செய்தி செல்லும் நெறி

வலைப்பக்கமொன்று நம் கண்முன் ஒன்றேபோல் தோன்றினும், அதனை ஆக்கும் உறுப்புக்கள் பல. நூல்நிலையமொன்றன் வலைத்தளத்தில் ஒரு நூலைத் தேடுகின்றோம் எனக் கொள்வோம். நம் வேண்டுகோளை ஏற்பது கண்ட்ரோலர். அது மாடல் என்னும் உறுப்பின் வாயிலாகத் தரவுத்தளத்தினின்றும் நூற்செய்தியைப் பெறும். அச்செய்தியைப் பக்கமாக எழுதிக் காட்டுவது வியூ. எல்லாப் பக்கங்கட்கும் பொதுவாகிய மேற்பகுதியும் அடிப்பகுதியும் கொண்ட சட்டகமே லேஅவுட்.

மாடல், வியூ, கண்ட்ரோலர் என்னும் முப்பாகுபாட்டை 1979-ஆம் ஆண்டில் நார்வே நாட்டறிஞர் டிரிக்வே ரீன்ஸ்கௌக், அமெரிக்காவில் செராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்திலிருந்தபொழுது வகுத்தார். 2004-இல் டேவிட் ஹைனமையர் ஹான்சன் வெளியிட்ட ரூபி ஆன் ரெயில்ஸ், இம்முறையை வலைத்தளப் பணியிற் பெரிதும் பரப்பியது.

இனி, ரெயில்ஸில் செய்தி செல்லுமாற்றை நோக்குவோம். கண்ட்ரோலர் தான் பெற்றவற்றை 'இன்ஸ்டன்ஸ் வேரியபிள்' என்னும் பெயரிட்ட பேழைகளில் வைப்பின், வியூவும் லேஅவுட்டும் அவற்றை எடுத்தாளும். லேஅவுட் புறத்தே நிற்பினும், முன்னர் எழுதப்படுவது வியூவே. பின்னரே லேஅவுட் அதனைத் தன்னுள் ஏற்கும். ஆதலின், நூலின் பெயரைப் பக்கத் தலைப்பாக இடுமாறு, 'கன்டென்ட் ஃபார்' என்னும் கட்டளையால் வியூவே லேஅவுட்டுக்கு உரைத்தல் கூடும்.

ஈண்டு ஓர் இடர் உண்டு. கண்ட்ரோலர் வையாத பேழையை லேஅவுட் நாடின், ரூபி மொழி பிழையென்று கூறாது. 'நில்' என்னும் வெறுமையையே நல்கும். தலைப்பிருக்க வேண்டிய இடம் வெற்றிடமாம். காரணமும் எளிதிற் புலப்படாது. வியூவின் சிறு கூறாகிய பார்ஷியலுக்குப் பெயர் சுட்டிக் கொடுக்கும் 'லோக்கல் வேரியபிள்' விடுபடினோ, பிழை உடனே வெளிப்பட்டுப் பக்கம் நின்றுவிடும். இஃது இடையூறுபோல் தோன்றினும் நன்மையே. என்னை? ஆக்குவோன் தன் தவற்றை அப்பொழுதே அறிந்து திருத்துவான். ஓசையின்றி நிகழும் பிழையோ படிப்போர் முன்வரை சென்று நிற்கும்.

குறையக் கொடுத்தலேயன்றி மிகக் கொடுத்தலும் குற்றமாம். மதிப்புரை எழுதிய உறுப்பினர் ஒருவரின் பெயர் மட்டும் வேண்டியவிடத்து, அவர் பதிவு முழுவதையும் உலாவிக்கு அனுப்பின், முகவரி முதலியனவும் உடன்செல்லும். பக்கத்தில் அவை தோன்றாவெனினும், தேடுவார் கைக்கு அகப்படும். நம்பிப் பெயர் கொடுத்தவர்க்கு அதனினும் பெருந்தீங்கு வேறில்லை.

ஆகவே, வேண்டுவதனைப் பெயர் சுட்டி வெளிப்படக் கொடுத்தலும், வேண்டாததனைக் கொடாது நிறுத்தலுமே இந்நெறியின் பயன் என்க.