பல் மருத்துவச் செலவைக் குறைக்கும் வழி

பல் நோய் உயிரை உடனே பறிப்பதில்லை. ஆகையால் குடும்ப வரவு செலவில் அதற்கு இடம் ஒதுக்குவோர் சிலரே. வலி பொறுக்க முடியாத நிலை வந்த பின்னரே பெரும்பாலோர் மருத்துவரை நாடுகின்றனர். செலவு பெருகுவதற்கு இத்தாமதமே முதற்காரணமாகும். வாய் நோய்களால் துன்புறுவோர் ஏறக்குறைய 350 கோடிப் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் அறிவித்தது. இந்நோய்களுள் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை.

தீவுகளில் தாமதத்தின் விலை இன்னும் கூடுதல். தென் அந்தமானிலுள்ள பத்துபஸ்தியினருக்கு, 2024 வரை போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தின் கோவிந்த வல்லப பந்த் அரசு மருத்துவமனை பேருந்துத் தொலைவிலேயே உள்ளது. தொலைதூரத் தீவினரோ கடல் கடந்து அங்கு வரவேண்டும். சிக்கலான சிகிச்சைக்காகச் சென்னைக்குச் செல்வோர் 1,300 கிலோமீட்டருக்கும் மேல் கடக்க வேண்டும். பயணச் செலவும் இழந்த நாட்கூலியும் சிகிச்சைக் கட்டணத்தை விஞ்சிவிடலாம்.

சொத்தை வளரும் விதம்

பல்லின்மேல் படியும் மெல்லிய படலத்தில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நாம் உண்ணும் சர்க்கரையை அவை சில நிமிடங்களில் அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் எனாமலிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, இழந்த சத்தை மெல்லத் திரும்பச் சேர்க்கும். இதற்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். ஆகவே எவ்வளவு இனிப்பு உண்கிறோம் என்பதுடன், எத்தனை முறை உண்கிறோம் என்பதும் முக்கியம். இடைவிடாது மிட்டாய் சுவைக்கும் குழந்தையின் பற்களுக்கு ஓய்வே கிடைப்பதில்லை.

முதலில் தோன்றுவது வெண்புள்ளி. இந்நிலையில் ஃபுளோரைடு கலந்த பற்பசையால் அதனைத் தடுத்து நிறுத்தலாம். பல சமயம் பல் தேறியும்விடும். குழி விழுந்தால் ஒருமுறை அடைத்தால் போதும். சொத்தை பற்கூழை எட்டினால் வேர்ச் சிகிச்சையும், அதன்மேல் உறையும் வேண்டியிருக்கும். பன்முறை செல்லவும் நேரும். அதையும் கடந்தால் பல்லைப் பிடுங்கிச் செயற்கைப் பல் பொருத்த வேண்டும். ஒவ்வொரு படியிலும் செலவு பன்மடங்காகிறது.

வீட்டில் செய்யத்தக்கவை

காலையிலும், இரவில் படுக்குமுன்னும் ஃபுளோரைடு பற்பசையால் துலக்குதல் வேண்டும். விலையுயர்ந்த பசை தேவையில்லை; உறையில் ஃபுளோரைடு என்னும் சொல் இருந்தால் போதும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசியளவும், ஆறு வயது வரை பட்டாணியளவும் போதுமானவை. விழுங்காமல் துப்பச் சொல்லிக் கொடுக்க வேண்டும். குடிநீரில் ஃபுளோரைடு மிகுந்துள்ள ஊர்களில் மருத்துவரைக் கலந்துகொள்க. செங்கல் தூளும் கரியும் எனாமலைத் தேய்ப்பவை. அவற்றால் மிச்சமாகும் காசு உண்மையான சேமிப்பன்று.

புகையிலை கலந்த பற்பொடியும் பற்பசையும் இந்தியாவில் 1992-இல் தடை செய்யப்பட்டன. வெற்றிலையுடன் பாக்கும் புகையிலையும் மெல்லுதல் வாய்ப்புற்றுக்கு வழிவகுக்கும். புகையிலை இன்றியும் பாக்கு புற்றுநோய் விளைவிக்கவல்லது. இரண்டு வாரங்களில் ஆறாத புண்ணோ, வெண்மையோ செம்மையோ ஆன திட்டோ தோன்றினால் உடனே மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

பள்ளியிலும் களத்திலும்

மின்சாரமும் துளைக்கருவியும் இன்றி, கைக்கருவியால் சொத்தையை அகற்றிக் கண்ணாடி அயனோமர் என்னும் காரையால் அடைக்கும் முறை 1980-களில் தான்சானியாவில் உருவாயிற்று. இக்காரையும் ஃபுளோரைடு பற்பசையும் 2021 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ளன. தொலைதூரத் தீவுகளுக்கும் பள்ளி முகாம்களுக்கும் இம்முறை ஏற்றது.

ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை மாணவர் பற்களை வெளிச்சத்தில் பார்த்து, வெண்புள்ளியோ குழியோ உள்ளவர் பெயரைக் குறித்துப் பெற்றோரிடம் கூறலாம். இதற்குக் கருவி எதுவும் வேண்டா. களப்பணியாளர்கள் வீடுகளுக்குச் செல்லும்போது, வலியில்லாத காலத்திலேயே ஒருமுறை பல் மருத்துவரைக் காணுமாறு வற்புறுத்துதல் நன்று. குறைந்த செலவில் பற்களைக் காப்பது, காலம் தாழ்த்தாத குடும்பத்துக்கே எளிதாகும்.