மெருகு யார் கையில்?

தம்புள்ளையிலிருந்து ஹபரணை போகும் வீதியில் இனாமலுவைச் சந்தியில் திரும்பினால் சீகிரியாவுக்குப் போகும் பாதை. வழியில் மரச்சிற்பக் கடைகள் இருக்கின்றன. யானை, முகமூடி, புத்தர் சிலை, பெட்டி என்று அடுக்கி வைத்திருப்பார்கள். வாங்க வருபவரின் கண்ணில் முதலில் படுவது செதுக்கல் அல்ல, மெருகுதான். நான் போய்ப் பார்த்த வீட்டுப் பட்டறைகளில் செதுக்குபவர் ஆண். சான்ட் பேப்பரால் தேய்ப்பதும், தூள் துடைப்பதும், பூசுவதும் மனைவி, மகள், மருமகள். விலையைத் தீர்மானிக்கும் வேலை இவர்களுடையது. கணக்குப் புத்தகத்திலோ அவர்களுக்கு ஒரு வரியும் இல்லை.

எமது மகளிர் குழுக் கூட்டங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது: "மிஸ், வார்னிஷை விட்டு அந்த வெளிநாட்டு எண்ணெய்க்கு மாறலாமா? விலை கேட்டால் தலை சுற்றுகிறது." அவர்கள் சொல்வது ஹார்ட்வக்ஸ் எண்ணெய். லின்சீட் எனப்படும் ஆளிவிதை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் போன்றவற்றுடன் கடினமான தாவர மெழுகுகளைக் கலந்து செய்வது. அந்த மெழுகுகளில் முக்கியமானது கார்னோபா, பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் ஓலையிலிருந்து எடுப்பது. தேன் மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியசில் உருகும். கார்னோபா உருக 80 பாகைக்கு மேல் வேண்டும். எமது வெக்கையில் தனித் தேன்மெழுகு இளகிக் கையில் ஒட்டித் தூசி பிடிப்பதும், இது பிடிக்காததும் அதனால்தான்.

தகரத்தின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை, சகோதரிகளே. சதுர அடிக்கு என்ன செலவு என்று பாருங்கள். கடைக்குக் கடை விலை வேறு, 2022 நெருக்கடிக்குப் பிறகு எதுவும் பழைய விலையில் இல்லை. ஆகவே ஓர் உதாரணத்துக்கு வார்னிஷ் லீற்றர் 3,000 ரூபாய், எண்ணெய் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மடங்கு. வார்னிஷ் ஒரு லீற்றர் ஒரு தடவை பூச ஏறத்தாழ 12 சதுர மீற்றருக்குப் போதும் என்றால், மூன்று தடவை பூச 4 சதுர மீற்றர்தான், அதாவது 43 சதுர அடி. அடிக்கு 70 ரூபாய், தின்னர் புறம்பு. எண்ணெயை மிக மெல்லியதாகத் தேய்ப்பதால் அது அதிக இடத்துக்குப் போதும். ஜேர்மனியின் ஒஸ்மோ தகரத்தில் லீற்றருக்கு 24 சதுர மீற்றர் என்று இருக்கிறது. இரண்டு தடவை பூசினால் 12 சதுர மீற்றர், 129 சதுர அடி. அடிக்கு ஏறக்குறைய 116 ரூபாய். ஐந்து மடங்கு என்று பயந்தது இரண்டு மடங்கும் இல்லை. செதுக்கிய இடங்களில், குறிப்பாக மரத்தின் வெட்டுமுகத்தில், எண்ணெய் கூடுதலாக உறிஞ்சும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்னும் ஒன்று. மூன்று தடவை வார்னிஷ் என்றால் இடையில் இரண்டு தடவை தேய்ப்பு. துண்டுக் கணக்கில் கூலி வாங்குபவருக்கு அந்த நேரம் இலவச உழைப்பு. அதற்கு ஒரு விலை போட்டு மேலே உள்ள 70 ரூபாயுடன் கூட்டிப் பாருங்கள். வீட்டு ஆண்களும் கூட இருந்து கூட்டுவது நல்லது.

தோற்றத்தில் இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் உண்டு. வார்னிஷ் மரத்தின் மேல் ஒரு தோலாகப் படிந்து கண்ணாடிபோல் மினுங்கும். உள்ளூர் வாடிக்கையாளர் பலருக்கு அதுதான் பிடிக்கும். எண்ணெய் மரத்துக்குள் இறங்கும். நனைந்த மரத்தின் நிறம் வரும், மினுக்கம் குறைவு, தடவினால் மரமே கையில் படும். பலா மரம் பொன்னிறமாகவும் மகோகனி ஆழ்ந்த சிவப்பாகவும் தெரியும். வெளிநாட்டவர் தேடுவது அநேகமாக இதை என்று கடைக்காரர் சிலர் என்னிடம் கூறினார்கள். கறுப்புப் பொலிஷ் தேய்த்துக் கருங்காலி என்று விற்கும் பொருளுக்கு எந்தப் பூச்சும் நல்ல பெயர் வாங்கித் தராது, அது வேறு விடயம்.

கீறல் விழுந்தால் வார்னிஷை அந்த இடத்தில் மட்டும் திருத்துவது கடினம். பெரும்பாலும் முழுவதையும் சுரண்டிப் பூச வேண்டி வரும். கீறல் பட்ட பொருளைக் கடைக்காரர் திருப்பி அனுப்பி, கூலியில் கழித்ததாக ஒரு சகோதரி சொன்னார். எண்ணெய்ப் பூச்சில் அந்த இடத்தை மட்டும் இலேசாகத் தேய்த்து மறுபடி தடவலாம். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் பிரெஞ்ச் பொலிஷ் அழகுதான். ஆனால் சூடான தேநீர்க் கோப்பை வைத்தால் வெள்ளை வளையம் விழும்.

தேங்காய் எண்ணெய் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. அது காயாத எண்ணெய். லின்சீட் காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்று இறுகும், தேங்காய் எண்ணெய் அப்படியே கிடந்து சிக்குப் பிடிக்கும்.

அரக்கின் பெருமையை எமது மாவட்டமே அறியும். ஹப்புவிடக் கிராமத்தின் அரக்கு வேலையில் தூரிகையும் தின்னரும் இல்லை. சூடாக்கிய வண்ண அரக்கை நூலாக இழுத்து விரல் நகத்தால் பதிப்பார்கள். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட தமது நூலில் இக்கலையை விவரித்திருக்கிறார். சீகிரியாவின் கண்ணாடிச் சுவருக்கு முட்டை வெண்கருவும் தேன்மெழுகும் சேர்த்தார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். எது சேர்த்தாலும் யாரோ நெடுநேரம் தேய்த்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றும்.

எந்தப் பூச்சானாலும் தூள் ஒன்றே. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இல் வகைப்படுத்தியது. முதிரைத் தூள் தோலில் அரிப்பையும் தரும். வாய்க்கு முந்தானை போதாது, முறையான முகக்கவசம் வேண்டும். வார்னிஷுக்கும் தின்னருக்கும் திறந்த விறாந்தை நல்லது. குழந்தை தூங்கும் அறை கூடாது. பல எண்ணெய்களிலும் கரைப்பான் உண்டு, மணம் குறைவு என்று அலட்சியம் வேண்டாம்.

லின்சீட் கலந்த எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால், நெருப்பு வைக்காமலே சூடேறிப் பற்றிக்கொள்ளும். துணியை நீரில் நனையுங்கள், அல்லது வெளியே விரித்துக் காய விடுங்கள். பட்டறை வீட்டோடு சேர்ந்திருந்தால் இதை அன்றன்றே செய்யுங்கள்.

மாற விரும்புபவர்கள் முழுத் தகரம் வாங்க அவசரப்பட வேண்டாம். குழுவில் நாலைந்து பேர் சேர்ந்து சிறிய தகரம் ஒன்றை வாங்கி, ஒரே மரத்தின் இரண்டு துண்டுகளில் இரண்டையும் பூசுங்கள். ஒரு மாதம் விறாந்தையில் வைத்து, மேலே தேநீர்க் கோப்பையும் வைத்துப் பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் காட்டி விலை பேசுங்கள். அந்தப் பேச்சுக்குப் பூசியவரே போகட்டும்.