கைவேலைக் காலம் – 9: பத்து மூங்கில் குச்சிகள்

கார்த்திகை முடிகிற கையோடு நாகர்கோவில், தூத்துக்குடி, பாளையங்கோட்டைப் பக்கம் கடை வாசல்களில் நட்சத்திரங்கள் தொங்க ஆரம்பித்துவிடும். பிளாஸ்டிக் நட்சத்திரம், மடித்து விரிக்கிற அட்டை நட்சத்திரம், எல்.இ.டி. சரத்தைக் கம்பியில் சுற்றிய நட்சத்திரம் என்று தினுசுக்குக் குறைவில்லை. வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது. ஆனால் அடுத்த டிசம்பரில் பரணிலிருந்து இறக்கிப் பாருங்கள். ஒரு முனை நசுங்கியிருக்கும், பாதி விளக்கு எரியாது. வீட்டிலேயே கட்டிய மூங்கில் நட்சத்திரத்தில் அந்தத் தொல்லை இல்லை. தாள் கிழிந்தால் தாளை மட்டும் மாற்றினால் போதும், கூடு வருஷக்கணக்கில் உழைக்கும்.

கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே என்னென்ன செய்யலாம், கைக்காசு அதிகம் செலவாகாமல் யாருக்கு என்ன பரிசு கொடுக்கலாம் என்பதுதான் இந்த வாரம். நட்சத்திரத்திலிருந்தே தொடங்குகிறேன். இந்த மாதத்துக் கைவேலைகளில் அதற்குத்தான் மூளையும் வேண்டும், விரலும் வேண்டும்.

கூடை முடைகிறவர்களிடம் கேட்டால் மூங்கில் பிளாச்சு கிடைக்கும். அரை சென்டிமீட்டர் அகலத்தில், வளைத்தால் ஒடியாமல் வளைகிற மாதிரி சீவி வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 60 செ.மீ. நீளத்தில் பத்து வேண்டும். மேஜைமேல் வைக்கிற குட்டி நட்சத்திரம் போதும் என்றால் தென்னை ஈர்க்கே தாராளம்.

எல்லாக் குச்சியிலும் 23 செ.மீ., 37 செ.மீ. என்று இரண்டு இடத்தில் பென்சிலால் குறியுங்கள். ஐந்து குச்சிகளைத் தரையில் நட்சத்திரமாக அடுக்கும்போது, ஒரு குச்சி இன்னொன்றை வெட்டுகிற இடம் இந்தக் குறிகளில்தான் வர வேண்டும். குச்சி எவ்வளவு நீளமானாலும் கணக்கு இதுவே: நீளத்தில் 38 சதவீதத்தில் ஒரு குறி, 62 சதவீதத்தில் ஒரு குறி. பொன் விகிதம் என்று கணக்கு வாத்தியார்கள் சொல்வது இதைத்தான். யூக்ளிட் தன் 'எலிமெண்ட்ஸ்' நூலின் 13-ஆம் புத்தகத்தில் இதை நிறுவியிருக்கிறார். வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் குறிக்கிற வேலையை அதனிடம் விட்டுவிடலாம். கண்மதிப்பில் கட்டினால் ஒரு கால் நீண்டு, ஒரு கால் சூம்பி நிற்கும்.

அடுக்கும்போது குச்சியை ஒன்றுக்கு மேலும் அடுத்ததற்குக் கீழுமாக மாற்றி மாற்றி விடுங்கள். ஐந்தும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், நூல் கட்டும் முன்பே கூடு ஆடாமல் நிற்கும். பிறகு ஐந்து முனைகளையும் ஐந்து வெட்டிடங்களையும் சணலால் இறுக்கிக் கட்டுங்கள். மீதி ஐந்து குச்சியிலும் இதே போல் இன்னொரு நட்சத்திரம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முனையோடு முனை சேர்த்துக் கட்டிவிட்டு, உள்ளே உள்ள ஐந்து வெட்டிடங்களிலும் 12 செ.மீ. துண்டுக் குச்சியை நெட்டுக்குத்தாக நிறுத்தினால் இரண்டும் விலகி வயிறு உப்பும். தட்டையாகக் கிடந்தது இப்போது தொங்கவிடத் தயார்.

அடுத்தது தாள். பட்டம் ஒட்டுகிற மெல்லிய வண்ணத் தாள்தான் நல்லது, ஜிகினாத் தாள் வெளிச்சத்தை வெளியே விடாது. முன்பக்கத்துக்கு ஐந்து முக்கோணமும் நடுவில் ஓர் ஐங்கோணமும், பின்பக்கத்துக்கு ஐந்து முக்கோணம், பக்கவாட்டு இடைவெளிகளுக்கு ஒடுக்கமான பத்து முக்கோணம். ஆக 21 துண்டு. பின்பக்கத்து ஐங்கோணத்தை ஒட்டாமல் விட்டுவிடுங்கள், பல்பு நுழைய அதுதான் வழி. பக்கவாட்டுத் துண்டுகளுக்கு வேறு நிறம் கொடுத்தால் தெருவிலிருந்து பார்க்கிறபோது நட்சத்திரத்துக்கு ஓரம் தைத்தாற்போல் தெரியும். பசைக்கு மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சினால் போதும். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் கைவைக்கிற வீட்டில் வேண்டாம்.

ஒட்டி முடித்ததும் தாள் தொளதொளவென்று இருந்தால் கவலை வேண்டாம். சாயம் போகாத தாளாக இருந்தால் விரலால் லேசாகத் தண்ணீர் தெளித்துக் காயவிடுங்கள், காய்கிறபோது இழுத்துக்கொண்டு விறைப்பாகிவிடும். ஒரு காலத்தில் உள்ளே மெழுகுவர்த்தி வைத்தார்கள். தாள் பற்றி எரிந்த கதை எல்லா ஊரிலும் உண்டு. பழைய குண்டு பல்பும் சூடேறும், ஆகவே சின்ன எல்.இ.டி. பல்பே சரி. டிசம்பர் மழையை நம்பி முற்றத்தில் கட்டாதீர்கள், திண்ணையிலோ வராந்தாவிலோ தொங்கட்டும்.

பிலிப்பைன்ஸ் நாட்டிலும் இதே மூங்கில், இதே மெல்லிய தாள், இதே ஐந்து முனை. அங்கே இதற்குப் பரோல் என்று பெயர். டிசம்பர் 16 முதல் 24 வரை விடியற்காலைப் பூசைக்குப் போகிற வழக்கம் அங்கே உண்டு, அந்த நாட்களில் வீட்டுக்கு வீடு இது எரியும். பம்பாங்கா மாகாணத்தின் சான் பெர்னாண்டோ நகரத்தில் வீட்டளவு உயரத்துக்கு இதைக் கட்டி, ஆயிரக்கணக்கான பல்புகளை இசைக்கு ஏற்ப எரியவிட்டுப் போட்டியே நடத்துகிறார்கள். ஜெர்மனியில் மொரேவியச் சபையாரின் நட்சத்திரம் வேறு வகை. 1830-களில் அவர்களுடைய உறைவிடப் பள்ளி ஒன்றில் வடிவியல் பாடத்துக்காகப் பிள்ளைகள் அட்டையில் செய்தது அது. நான்கு பக்கப் பிரமிடு 17, மூன்று பக்கப் பிரமிடு 8, மொத்தம் 25 முனை. ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில் இன்றும் அதைக் கையால்தான் செய்து விற்கிறார்கள். பார்க்க அழகுதான், ஆனாலும் முதல் தடவையாகச் செய்கிறவர்கள் அந்த வம்புக்குப் போக வேண்டாம்.

இனி பரிசு. டிசம்பர் முதல் வாரத்திலேயே நம் கல்லூரி விடுதிகளிலும் அலுவலகங்களிலும் 'கிறிஸ் மாம் – கிறிஸ் சைல்ட்' சீட்டு போட்டுவிடுவார்கள். யார் பெயர் வந்ததோ அவருக்கு நாம் யாரென்று தெரியாமல் பரிசு தர வேண்டும். நூறு ரூபாய், இருநூறு ரூபாய் என்று வரம்பு இருக்கும். அந்தக் காசுக்குக் கடையில் கிடைப்பது பீங்கான் கோப்பை, சாவிக்கொத்து, புகைப்படச் சட்டம். சரி, நாமே செய்துவிடுவோம் என்று இறங்குகிறவர்கள் வண்ணம் பூசிய கண்ணாடிப் பாட்டிலையும் ஐஸ் குச்சி வீட்டையும் தெர்மோகோல் குடிலையும் கொண்டுவந்து நிற்பார்கள். வாங்கிக்கொண்டவர் பாடு பெரும்பாடு. தூக்கிப் போட மனசு வராது, வைக்க இடம் இருக்காது, துடைத்து மாளாது.

இதில் என் கட்சி இதுதான்: கையால் செய்து கொடுப்பதென்றால் எதையாவது போட்டு வைக்கிற பொருளாகச் செய்யுங்கள். உறை, பை, பெட்டி, கொட்டான். உள்ளே தின்கிற பண்டம் எதையாவது வையுங்கள். பண்டம் இரண்டு நாளில் தீர்ந்துவிடும், பெட்டி பாசிமணிக்கோ பொத்தானுக்கோ மாத்திரைக்கோ ஆகும். கொடுத்த பொருள் அலமாரியில் இருக்கிறதா, புழக்கத்தில் இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தாளில் செய்யக்கூடிய உறைகளில் எனக்குப் பிடித்தது டென்மார்க்கின் இதயப் பை. அங்கே கிறிஸ்துமஸ் மரத்தில் கடலையும் மிட்டாயும் போட்டுத் தொங்கவிடுவார்கள். குழந்தைக் கதைகள் எழுதிய ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் கத்தரிக்கோல் வேலையில் பெரிய கெட்டிக்காரர். இன்று கிடைப்பவற்றில் மிகப் பழைய இதயப் பை அவர் 1860 வாக்கில் செய்ததுதான் என்கிறார்கள், அது ஓடென்ஸ் நகரில் பாதுகாப்பாக இருக்கிறது.

இரண்டு நிறத் தாள் எடுத்து, ஒவ்வொன்றிலும் 6 செ.மீ. அகலம், 18 செ.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். நீளவாக்கில் பாதியாக மடித்தால் 9 செ.மீ. வரும். மடிப்பு உள்ள பக்கம் சதுரமாக இருக்கட்டும், எதிர்ப்பக்கத்தை அரைவட்டமாக நறுக்குங்கள். மடிப்பிலிருந்து மேல்நோக்கி 6.3 செ.மீ. உயரத்துக்கு இரண்டு வெட்டு. இப்போது ஒவ்வொரு துண்டிலும் மூன்று பட்டைகள். இரண்டையும் ஒன்றுக்கொன்று செங்கோணமாகப் பிடித்துப் பின்ன வேண்டியதுதான். பாயில் செய்வதுபோல் மேலும் கீழுமாக விட்டால் ஆகாது. பட்டை ஒவ்வொன்றும் இரட்டைத் தாள் அல்லவா? முதல் பட்டையை எதிர்ப் பட்டையின் இரண்டு தாளுக்கும் நடுவே நுழையுங்கள். அடுத்த எதிர்ப் பட்டை இதன் நடுவே நுழையட்டும். மூன்றாவதில் மறுபடி இது உள்ளே. இரண்டாம் பட்டைக்கு வரிசை தலைகீழ். மூன்றாம் பட்டையை நுழைக்கும்போது தாள் கிழிகிற மாதிரி இறுகும், அந்த மூன்று மில்லிமீட்டர் கூடுதல் வெட்டு அதற்காகத்தான். முடிந்ததும் மேல் வாயில் விரலை விட்டால் பை திறந்துகொள்ளும். திறக்கவில்லை என்றால் எங்கோ ஒரு பட்டை வெளியே போயிருக்கிறது, பிரித்துப் பாருங்கள்.

இதைச் சொல்லிக்கொடுத்தால் தென்மாவட்டத்துப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். குருத்தோலை ஞாயிறு வந்தால் கோயில் வாசலில் உட்கார்ந்து ஓலையில் சிலுவை மடித்துப் பழகிய கைகள் அவை. அதே குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து முடைந்தால் பெட்டி. பனை நம் மாநில மரம். திருச்செந்தூர், மணப்பாடு, கன்னியாகுமரிப் பக்கம் பெட்டி முடைகிற பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. உலர்ந்த ஓலை வளைத்தால் வெடிக்கும், ஆகவே முடைவதற்கு முன் கொஞ்ச நேரம் ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும். முதலில் மூடியில்லாத, உள்ளங்கை அளவுச் சதுரப் பெட்டி செய்து பழகுங்கள். மூடி செய்வது இன்னொரு படி, அதை இந்தத் தொடரில் தனியாக எழுதுகிறேன்.

ஓலைப்பெட்டியில் எதை வைப்பது என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஓலையில் காற்றுப் புகும். முறுக்கு, அச்சுமுறுக்கு, கலகலா எல்லாம் அதில் ஒரே ராத்திரியில் நமுத்துப் போகும், அவற்றுக்கு டப்பாதான் சரி. கருப்பட்டி, பேரீச்சை, தாள் சுற்றிய கடலைமிட்டாய் ஓலைக்கு ஏற்றவை. முந்திரிக்கொத்து வைப்பதானால் அடியில் வாட்டிய வாழையிலை போட்டு அன்றே கொடுத்துவிட வேண்டும். செய்தித்தாளில் மட்டும் எந்தப் பலகாரத்தையும் பொதியாதீர்கள். அச்சு மை எண்ணெயில் இறங்கும்.

வாழ்த்து அட்டைக்குக் கடைக்கு ஓட வேண்டாம். அட்டைப் பழக்கம் 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவரிடம் தொடங்கியது. கடிதம் எழுத நேரமில்லாமல் ஓவியர் ஒருவரிடம் படம் வரையச் சொல்லி அச்சடித்தார், ஒரு அட்டை ஒரு ஷில்லிங். நமக்கு அச்சகம் சமையலறையிலேயே இருக்கிறது. வெண்டைக்காயைக் காம்புப் பக்கம் குறுக்கே நறுக்கினால் ஐந்து முனை. வழவழப்புப் போக அரைமணி நேரம் காற்றாட வைத்துவிட்டு, போஸ்டர் கலரில் தொட்டு அட்டையில் ஒற்றினால் வரிசையாக நட்சத்திரங்கள். வாழை மட்டையைக் குறுக்கே வெட்டி ஒற்றினால் தேன்கூடு மாதிரி அறை அறையாக விழும். நான்கு வயதுக் குழந்தையே செய்துவிடும். வெண்டைக்காய் முற்றலாக இருக்க வேண்டும், பிஞ்சு நசுங்கும்.

சுற்றுவதற்குப் பளபளப்புத் தாளும் பிளாஸ்டிக் ரிப்பனும் வேண்டாமே. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை இருக்கிறது, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசே இயக்கம் தொடங்கியது. பீரோவில் கிழிந்துபோன பட்டுப் பாவாடையோ சுங்குடிச் சேலையோ கிடக்கும். ஒரு சாண் துணியில் சுருக்குப் பை தைத்துவிட்டால் சுற்றுத் தாளும் அதுவே, பரிசும் அதுவே.

முடைய நேரமில்லாதவர்கள் ஓலைப்பெட்டியைத் தாராளமாக விலைக்கு வாங்கலாம், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து முடைகிற பெண்களுக்கு அதில் நிற்பது சொற்பம். சொன்ன விலையைக் கொடுத்து வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். இந்த டிசம்பரில் அவர்களுக்குத் தரும் பரிசாக இருக்கட்டும் அது.

அடுத்த வாரம் பழைய வேட்டியில் பொங்கலுக்கான வேலை. கிழிந்த வேட்டியைத் தரை துடைக்கப் போட்டுவிடாமல் துவைத்து எடுத்து வையுங்கள். மஞ்சள் தூளும் கொஞ்சம் படிகாரமும் வேண்டும்.

(தொடரும்)